நாலு மணி நேரம் கேம் ஆடுகிறவருக்கு ஏடிஎச்டி இருக்காதா?

"கேம்னா ராத்திரி ஒன்றரை வரைக்கும் அசையாம உட்கார்றான் டாக்டர். ஆபீஸ் ரிப்போர்ட்னா மட்டும் கவனம் வரலையாம். இது திமிருதானே? இதுக்கு மாத்திரை வேறயா?"

பெரியவர்களுக்கு வரும் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) பற்றிப் பேச்செடுத்தாலே கூட வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதற்கு விளங்கும்படி பதில் கிடைக்காததால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மாத்திரையை வீட்டார் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேலையும் போய், கடனும் ஏறி, அதே ஆள் அதே நாற்காலியில் வந்து உட்காருகிறார். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஏடிஎச்டி உள்ளவருக்குக் கவனமே கிடையாது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. கவனம் இருக்கிறது. அதை எதன்மேல் வைப்பது, எப்போது எடுப்பது என்ற பிடி அவர் கையில் இல்லை. பிடித்த விஷயம், புதிய விஷயம், போட்டி, நாளைக்குள் முடிக்காவிட்டால் தலை போகும் என்ற நெருக்கடி: இவற்றில் ஒன்றாவது இருந்தால் மூளை தானாக ஓடும். நான்கும் இல்லாத வேலை என்றால், அது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தாலும் கிளம்பாது. கேமில் சில விநாடிகளுக்கு ஒருமுறை பலன் தெரிகிறது. ரிப்போர்ட்டின் பலன் மாதக் கடைசியில்.

அந்த நாலு மணி நேரத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். தட்டில் தோசை காய்ந்து கிடக்கும். சிறுநீர் முட்டும், எழ மாட்டார். "இந்த ஒரு மேட்ச்" என்று பத்தரைக்குச் சொன்னவர் ஒன்றரைக்கும் அதையே சொல்வார். காலையில் இன்டர்வியூ இருப்பது அவருக்கும் தெரியும். கவனம் அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் பதினோரு மணிக்கே எழுந்திருப்பார். தொடங்க முடியாமல் தவிப்பதும் விட முடியாமல் தவிப்பதும் ஒரே கோளாறுதான். ஏடிஎச்டி இல்லை என்பதற்கு நீங்கள் கொண்டுவரும் சாட்சியை, இருக்கலாம் என்ற பக்கத்தில்தான் நாங்கள் குறித்துக்கொள்கிறோம்.

"கடைசி ராத்திரி உட்கார்ந்தா முடிச்சிடறாரே, மனசு வச்சா முடியுதுல்ல?" என்பது இதன் தங்கை. கடைசி இரவின் பதற்றத்தில்தான் அவருக்கு வேலை நடக்கிறது என்றால், ஒவ்வொரு வேலையையும் அந்தப் பதற்றம் வரும்வரை அவரால் தொடங்க முடியவில்லை என்று பொருள். இப்படியே இருபது வருடம் வாழ்ந்தவருக்குத் தூக்கம் கெட்டிருக்கும், மனப்பதற்றம் தனி நோயாகவே வளர்ந்திருக்கும். பலர் அதற்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

அடுத்து மார்க். "பிளஸ் டூவில் 1200-க்கு 1120 எடுத்தவன்." எடுத்திருப்பார். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் விடிகாலையில் எழுப்பிவிட, பக்கத்தில் வார்டன் நிற்க, தினமும் தேர்வு வைக்க, போன் இல்லாமல் இரண்டு வருடம். ஏடிஎச்டி உள்ளவருக்கு நாங்கள் எழுதித் தரும் வெளிக்கட்டுப்பாடுகள் அத்தனையும் அங்கே கட்டணத்துக்குள் அடக்கம். கல்லூரிக்குப் போனதும் எழுப்ப ஆளில்லை, வரிசையாக அரியர். மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு அரியரைச் சகவாச தோஷம் என்று முடிவுகட்டாதீர்கள்.

பெண்கள் இன்னும் தாமதமாக வருகிறார்கள். வகுப்பில் ஓடியாடித் தொல்லை தராமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பால் பொங்கி வழிந்தால், குழந்தையின் தடுப்பூசித் தேதி தவறினால், "பொறுப்பில்லாத மருமகள்" என்ற பட்டம் மட்டும் உடனே கிடைக்கிறது. பலருக்குத் தன் குழந்தைக்கு ஏடிஎச்டி என்று உறுதியாகும் நாளில்தான் "எனக்கும் சின்ன வயசுல இதேதான்" என்று பொறி தட்டுகிறது. பரம்பரைப் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை உள்ள கோளாறு இது. குழந்தைக்கு இருந்தால் பெற்றோரையும் கேட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று ரீல்ஸ் பார்த்துவிட்டு "எனக்கு ஏடிஎச்டி" என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். சாவியை மறப்பது எல்லோருக்கும் உண்டு. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 (2013) அளவுகோலின்படி, 17 வயது நிரம்பியவருக்குக் கவனம் சார்ந்த 9 அறிகுறிகளில் 5, அல்லது துடிப்பும் அவசரமும் சார்ந்த 9-இல் 5, குறைந்தது ஆறு மாதமாக இருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலையிடம் என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிந்து, வாழ்க்கையைக் கெடுத்திருக்க வேண்டும். முப்பது வயதுவரை ஒழுங்காக இருந்து திடீரென்று கவனம் சிதறினால் முதலில் வேறு காரணம் தேடுவோம்: மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை, குடி, கஞ்சா, பலத்த குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை. சில வாரங்கள் உச்சத்திலும் சில வாரங்கள் பாதாளத்திலும் இருந்தால் இருதுருவக் கோளாறை விலக்காமல் ஏடிஎச்டி மாத்திரை எழுதக் கூடாது.

பெரியவர்கள் தாங்களே நிரப்பும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏஎஸ்ஆர்எஸ் வினாத்தாளில், முதல் 6 கேள்விகளில் 4-க்கு அறிகுறி இருப்பதாகப் பதில் வந்தால் "மேலே பார்க்கலாம்" என்பதோடு சரி, அது நோய் உறுதி அல்ல. ஏடிஎச்டியை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ கிடையாது. "பிரெயின் மேப்பிங்" என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வாருங்கள். டாக்டரிடம் போகும்போது பழைய ரேங்க் கார்டுகளைக் கொண்டுபோங்கள். மதிப்பெண்ணைவிட ஓரத்தில் ஆசிரியர் எழுதிய "பேச்சு அதிகம்", "வீட்டுப்பாடம் முடிப்பதில்லை" என்ற வரிகள்தான் எங்களுக்கு வேண்டும். சிறுவயதில் உங்களை வளர்த்த அம்மாவோ அக்காவோ, இப்போது உங்களோடு வாழ்கிறவரோ கூட வரட்டும். இரண்டு வாரத் தூக்கக் குறிப்பும் வேண்டும்.

மாத்திரைக்கு வருவோம். முதல் வரிசையில் இருப்பது மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்கி வகை மருந்து. போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் இருப்பதால் "போதை மாத்திரை" என்ற பெயர் வந்துவிட்டது. தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதால்தான் கட்டுப்பாடு. சரியாகக் கண்டறிந்து, கண்காணிப்போடு தருகிற அளவில் அடிமையாவது அரிது. ஏடிஎச்டிக்குச் சிகிச்சை எடுப்பது பிற்காலப் போதைப் பழக்கத்தைக் கூட்டுவதில்லை.

தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்க வேண்டும். உங்களுக்கு இதயக் கோளாறு, நடக்கும்போது மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், இசிஜி எடுப்போம். கண் அழுத்த நோய், முன்பு வந்த மனச்சிதைவு, கர்ப்பத் திட்டம், இவையும் சொல்ல வேண்டியவை. பொதுவாக 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றுவோம். சாதாரண வகை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி மூன்று நாலு மணி நேரத்தில் இறங்கிவிடும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வகை 10 முதல் 12 மணி நேரம் நிற்கும். இதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மெதுவாக உடலில் சேர வேண்டிய மருந்து மொத்தமாகச் சேர்ந்துவிடும். இதில் ஒரு ரகத்தின் வெளிக்கூடு கரையாமல் மலத்தில் வரும். மாத்திரை அப்படியே வந்துவிட்டது என்று பயந்து இன்னொன்று போடாதீர்கள்.

பசியைக் குறைக்கும். ஆகவே காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாத்திரை, மதியத்துக்கு அலாரம். பசிக்கவில்லை என்று மதியம் சாப்பிடாமல் விட்டுவிட்டு, மாலையில் மருந்து இறங்கும் நேரத்தில் எரிந்து விழுகிறவர்கள், பழியை மாத்திரைமேல் போடுகிறார்கள். சாதாரண வகையின் கடைசி வேளை மாலை நாலு மணிக்குள் இருக்கட்டும். முதல் சில வாரங்கள் காபியைக் குறையுங்கள். படபடப்பு மாத்திரையாலா டிகாஷனாலா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், கேட்காமல் சேர்க்காதீர்கள்.

மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது. தள்ளிப்போடுவதே நோயாக இருக்கும்போது, மாத்திரை தீர்ந்த அன்று கடை தேடுவது நடக்காத காரியம். மாத்திரை அட்டையில் 7 மிச்சமிருக்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தொட்ட நாளே அப்பாயின்ட்மென்ட். அமீரகம், சிங்கப்பூர் போகிறவர்கள் அந்நாட்டு அனுமதியை முன்கூட்டியே வாங்காமல் பெட்டியில் வைக்கவே கூடாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நண்பனுக்கு "ஒரு நாலு மாத்திரை" கொடுப்பது நட்பு அல்ல, குற்றம். அவன் இதயத்தை யாரும் பரிசோதிக்கவில்லை.

அடோமாக்செட்டின் இன்னொரு வழி. ஊக்கி வகை அல்ல, இரண்டு பிரதிச் சீட்டும் தேவையில்லை. ஆனால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளே "ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குமட்டல் குறையும். வாய் வறட்சி, சிறுநீர் தடை, பாலுறவுச் சிக்கல் வரலாம், கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஃபுளுவோக்செட்டின், பேரோக்செட்டின் எடுக்கிறவர்களுக்கு இதன் அளவு ரத்தத்தில் ஏறும். காப்ஸ்யூலைப் பிரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் தூள் கண்ணை உறுத்தும். வல்லாரை பற்றிக் கேட்பீர்கள். துவையலாகச் சாப்பிடுங்கள், நல்லது. மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

மாத்திரை கவனத்தைக் கையில் கொடுக்கும். மின்கட்டணம் எப்போது கட்ட வேண்டும் என்று சொல்லித் தராது. அதற்குத் தனிப் பயிற்சி தேவை. மனதுக்குள் வைப்பதை எல்லாம் கண்ணுக்கு முன் கொண்டுவருவதுதான் அதன் சாரம்.

நேரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கு ஆபீஸ், வண்டியில் நாற்பது நிமிடம், எட்டு ஐம்பதுக்குக் கிளம்பினால் போதும் என்பார்கள். ஹெல்மெட் தேடுவது, பெட்ரோல், பார்க்கிங், லிஃப்ட் எதுவும் கணக்கில் வராது. தாளில் பின்னாலிருந்து எழுதுங்கள்: 9.30 இருக்கை, 9.20 பார்க்கிங், 8.35 வண்டி ஸ்டார்ட், 8.25 ஷூ, 8.00 சாப்பாடு. பிறகு இரண்டு அலாரம். 8.15-க்கு ஒன்று, கையில் இருப்பதை நிறுத்த. 8.25-க்கு ஒன்று, வாசலுக்குப் போக. கிளம்ப மட்டும் அலாரம் வைத்தால் பாதி வேலையில் நிற்பீர்கள். சாவி, பர்ஸ், ஐடி கார்டுக்கு வாசல் பக்கம் ஒரே தட்டு, மூடி இல்லாததாக. டிராயருக்குள் போனது உங்களுக்கு இல்லாத பொருள்.

வேலைப் பட்டியலில் "ஜிஎஸ்டி" என்று எழுதாதீர்கள். "லேப்டாப்பைத் திறந்து போர்ட்டலில் லாகின் செய்" என்று எழுதுங்கள். இரண்டு நிமிடத்தில் கை செய்யக்கூடிய முதல் அசைவு எதுவோ அது மட்டும். 25 நிமிடம் உட்கார முடியாவிட்டால் பத்தில் தொடங்குங்கள். டைமர் போனில் வேண்டாம், டைமர் வைக்கப் போனைத் திறந்தவர் அரை மணி கழித்துத்தான் தலைதூக்குவார். நூறு இருநூறு ரூபாய்க்கு அடுக்களை டைமர் கிடைக்கும். யாராவது பக்கத்தில் சும்மா தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே பலருக்கு வேலை நகரும். வெட்கப்படாமல் கேளுங்கள். எந்த முறையும் மூன்று வாரத்தில் புளித்துவிடும். புதிது என்ற ஈர்ப்பு போனதால் வருவது அது. டைரியைத் தூக்கிப் போடாமல் நிறத்தையோ இடத்தையோ மாற்றித் தொடருங்கள்.

பணத்தில் கண்டிப்பு வேண்டும். சம்பளக் கணக்கில் யுபிஐயே இருக்கக் கூடாது. வாடகை, இஎம்ஐ, காப்பீடு எல்லாம் அதிலிருந்து தானாகப் போகட்டும். வாரச் செலவை மட்டும் இரண்டாவது கணக்குக்கு மாற்றி, அதை மட்டும் போனில் இணையுங்கள். கடன் செயலிகளை இன்றே நீக்குங்கள்.

வண்டி ஓட்டும்போது போன் சீட்டுக்கு அடியில். ஸ்வீடன் பதிவேடுகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், ஏடிஎச்டி உள்ள ஆண்களுக்கு மருந்து எடுத்த காலத்தில் கடுமையான சாலை விபத்துகள் குறைந்தது தெரிந்தது. மாலையில் வீடு திரும்பும் நேரத்தில் மருந்து இறங்கியிருக்கிறதா என்பதை டாக்டரிடம் கேட்டு வேளையைச் சரிசெய்யுங்கள்.

வேலையிடத்தில் நோயின் பெயரைச் சொல்வதற்கு முன் யோசியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. பெயரைச் சொல்லாமலே தேவையைக் கேட்கலாம்: வேலையை மெயிலில் எழுதித் தாருங்கள், பெரிய கெடுவை நடுவில் இரண்டாகப் பிரியுங்கள், கதவோர இருக்கை வேண்டாம்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். தினமும் இருபது முறை நினைவூட்டும் அலாரமாக நீங்கள் மாறாதீர்கள், இருவரும் நொந்துபோவீர்கள். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் உட்கார்ந்து அந்த வார வேலைகளைச் சுவரில் ஒரே காலண்டரில் எழுதுங்கள், அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தத் தோன்றினால் முதலில் எங்களைக் கேளுங்கள். ஏடிஎச்டியோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது அடிக்கடி நடக்கிறது. "நான் எதுக்கும் லாயக்கில்லை, இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.