வேர் குளிரட்டும்

மதியம் ஒரு மணி. காலையில் நிமிர்ந்து நின்ற கத்தரிச் செடி இப்போது இலைகளைத் தொங்கப்போட்டு நிற்கிறது. பார்த்ததும் மனசு கேட்காது. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. இலைகள் நீரை ஆவியாக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். அது தெரியாமல் மேலும் மேலும் ஊற்றினால் மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்று வெளியேறி, வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. செடி இன்னும் வாடும், நாமும் இன்னும் ஊற்றுவோம். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் செடியைப் பறிகொடுப்பது பல நேரம் இந்தச் சுழலில்தான்.

விடியற்காலையிலும் செடி வாடியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மண் காய்ந்து கிடக்கிறதா, சொதசொதவென்று இருக்கிறதா என்பதை அதே விரல் சொல்லிவிடும்.

செடி ஏன் இவ்வளவு நீரை வீணாக்குகிறது என்று தோன்றலாம். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 100க்கு 95 பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியே காற்றில்தான் போகிறது. ஆனால் அது வீண் இல்லை. வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பது போல அது இலையைக் குளிர்விக்கிறது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம் ஏறக்குறைய 24 லட்சம் ஜூல். 1000 வாட் ஹீட்டர் ஒன்று 40 நிமிடம் ஓடித் தரும் வெப்பம் அது. இலைத்துளையைத் திறந்து வைத்தால்தான் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கரியமில வாயுவும் உள்ளே வரும். ஆக, செடிக்குத் துளையைத் திறந்தால் நீர் போகும், மூடினால் சாப்பாடு போகும்.

வெப்பமான இடத்தில் இந்தக் கணக்கு எவ்வளவு கடுமையாகிறது என்று பாருங்கள். காலையில் 25 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மதியம் அதே காற்று, அதே அளவு நீராவியோடு 35 டிகிரிக்குச் சூடாகிறது. சூடான காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியும் என்பதால், அதன் தாகம் காலையில் இருந்ததைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடுகிறது. பத்தே டிகிரிதான் கூடியது. இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை மும்மடங்கு.

வெயிலைத் தேடித் தேடி இடம் பிடிப்பதும், மண்ணைச் சூடாக்க வழி பார்ப்பதும் குளிர் நாட்டுத் தோட்டக்காரருக்கு உள்ள வேலை. தோட்டக்கலைக் குறிப்புகளில் பல அங்கிருந்து வந்தவை. வெப்பமான இடத்தில் வெயிலுக்குக் குறைவே இல்லை. இங்கே நமக்கு ஒரே ஒரு வேலைதான் முக்கியம்: வேரைக் குளிர்ச்சியாகவும், கூடாமல் குறையாமல் ஒரே ஈரத்திலும் வைத்திருப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனதில் வையுங்கள். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் விழுந்து, பிற்பகலில் ஒரு சுவரோ மரமோ மறைக்கும் இடம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. வெயில் குறைந்தால் விளைச்சல் குறையாதா? பெரும்பாலான காய்கறிச் செடிகளின் இலை, உச்சி வெயிலின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் ஒளியைப் பயன்படுத்த முடியும். அதற்கு மேல் விழுவது வெறும் சூடு. கோடையில் 35 சதவீத வெயிலை மறைக்கும் நிழல்வலையைக் கட்டினால் செடி பட்டினி கிடக்காது என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியின் பெயர் ருபிஸ்கோ. வெப்பம் ஏற ஏற அது தடுமாறி, கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி ஏற்கெனவே சேர்த்த சக்தியைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை ஆகியவற்றுக்குக் கிடையாது. இந்த அமராந்தஸ் குடும்பத்துக் கீரைகளும் மக்காச்சோளமும் கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, இலையின் உட்பக்கச் செல்களில் அடர்த்தியாக நிரப்பி, அங்கே ருபிஸ்கோவிடம் ஒப்படைக்கின்றன. ஆக்சிஜனுக்கு அங்கே இடமே இல்லை. இதைச் சி4 முறை என்பார்கள். இலைத்துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும் என்பதால் தண்ணீரும் மிச்சம். பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேலே. அதுவும் சி4 செடிதான். வறட்சி வந்தால், இரவில் துளையைத் திறந்து வாயுவைச் சேமித்துப் பகலில் மூடிக்கொள்ளும் கள்ளிச் செடியின் உத்திக்கும் மாறிக்கொள்ளும்.

அதனால் முதல் முறை தோட்டம் போடுகிறவர் தக்காளியில் ஆரம்பிக்காமல் கீரையில் ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து. விதை பொடியாக இருக்கும். ஒரு பிடி மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முளைத்துவிடும், மூன்று நான்கு வாரங்களில் பறித்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் மண்ணையும் தண்ணீரையும் பற்றி நிறையக் கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது தொட்டிக்கு வருவோம். தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ ஒரு அடுக்கு போட்டால் நீர் நன்றாக வடியும் என்று காலம் காலமாகச் சொல்லப்படுகிறது. நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். அது தவறு என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பஞ்சு போதும். பாத்திரம் கழுவும் செவ்வகப் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முழுக்கி எடுத்து, உள்ளங்கையில் படுக்கவாட்டில் வையுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நின்றுவிடும். சரி, இப்போது அதைப் பிழியாமல் நீளப் பக்கம் கீழே வரும்படி நிறுத்துங்கள். மறுபடி சொட்டும். அது நின்றதும் குட்டைப் பக்கம் கீழே வரும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். மூன்றாவது தடவையும் சொட்டும். பஞ்சு அதேதான், உயரம் மட்டுமே மாறியது.

பஞ்சின் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைக்கின்றன. அந்தப் பிடியும் புவியீர்ப்பும் சமமாகும் இடம் வரை, அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தேங்கியே நிற்கும். அந்த உயரம் பஞ்சை எப்படித் திருப்பினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். படுக்க வைத்தால் பஞ்சு முழுவதுமே அந்த ஈர மண்டலத்துக்குள் அடங்கிவிடும். நிறுத்தினால் அடியில் கொஞ்சம் மட்டும் ஊறியிருக்கும், மேலே காற்று இருக்கும். தொட்டி மண்ணும் இப்படித்தான். அடியில் ஜல்லி போட்டால், பொடி மண்ணிலிருந்து நீர் பெரிய இடுக்குகளுக்குள் எளிதில் இறங்காது. மண் நிரம்பி வழியும் நிலைக்கு வந்த பிறகே இறங்கும். ஆக, தேங்கும் நீர் தொட்டியின் அடியில் இல்லாமல் ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் தேங்குகிறது. வேர் பரவ வேண்டிய இடமும் குறைகிறது. வடிகால் துளையில் மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும். தேவைப்படுவது ஆழம்தான்: கீரைக்கு 15 சென்டிமீட்டர், தக்காளி, கத்தரி, வெண்டைக்குக் குறைந்தது 30.

தொட்டிக்குள் வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பினால் சில வாரங்களில் இறுகிவிடும். மண், நன்றாக மட்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து தொடங்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்க வாய்ப்புண்டு. இரண்டு மூன்று தடவை நீரில் ஊறவைத்து வடித்துவிட்டுச் சேருங்கள்.

மட்கு உரத்தை ஒரு தடவை போட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களின் வேகம், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். குளிரான இடத்தில் வருஷக்கணக்கில் மண்ணில் தங்கும் மட்கு, வெப்பமான இடத்தில் சில மாதங்களில் கரைந்துவிடும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு கைப்பிடி போடுவது நல்லது. ஆனால் மட்காத சருகையோ மரத்தூளையோ மண்ணுக்குள் கலக்காதீர்கள். அவற்றில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடியின் அடி இலைகள் வெளுத்து மஞ்சளாகும்.

அதே சருகை மண்ணுக்கு மேலே பரப்பினால் கதையே வேறு. அதுதான் மூடாக்கு. வெப்பமான இடத்துத் தோட்டத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன். கோடை மதியத்தில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டக்கூடும். பெரும்பாலான காய்கறிகளின் வேர் 35 டிகிரிக்கு மேல் சரியாக வேலை செய்யாது. 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகு, வைக்கோல், காய்ந்த புல் எதையாவது பரப்புங்கள். வெயில் நேரடியாக மண்ணில் படாது. சருகுகளுக்கு இடையே அடைபட்ட காற்று சூட்டைக் கீழே கடத்தாது. மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி வரும் ஈரம் காற்றில் கலக்காமல் அங்கேயே தடைபடும். மதியத்தில் ஒரு கையை வெறும் மண்ணில் வையுங்கள், இன்னொரு கையை மூடாக்குக்கு அடியில் நுழையுங்கள். வெளிக்கை சுடும். உள்ளே விரல்களில் ஈர மண் ஒட்டும், சில நாள் ஒரு மண்புழுகூடத் தட்டுப்படும். தண்டைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள்; ஈரச் சருகு தண்டோடு ஒட்டிக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

தொட்டிக்கு மேலே மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் சூடு ஏறும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் நிற்கும்போது, வெயில் படும் பக்கத்து வேர்கள் கருகிப்போவதுண்டு. தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழச் செய்யலாம், வெளிப்பக்கத்தில் வெள்ளை அடிக்கலாம், சாக்கைச் சுற்றிக் கட்டலாம்.

ஒரே சீரான ஈரம் என்று சொன்னேனே, அது ஏன் என்பதைத் தக்காளி கண்முன்னே காட்டும். காயின் அடிப்பக்கத்தில் கறுத்து, தோல் போலக் காய்ந்த ஒரு வட்டம் வரும். பூச்சியோ நோயோ என்று மருந்து தேடுவார்கள். அது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. கால்சியம் செடிக்குள் நீரோட்டத்தோடுதான் போகும். நீரோட்டம் ஆவியாகும் இடத்தை நோக்கித்தான் போகும். இலையில் ஆவியாதல் அதிகம், காயில் மிகக் குறைவு. இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால், கிடைக்கும் கொஞ்சத்தையும் இலைகளே இழுத்துக்கொள்ளும். காயின் கடைக்கோடியில் இருக்கும் செல்கள் சிதைந்துவிடும். மண்ணில் கால்சியம் நிறைய இருந்தாலும் இது நடக்கும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிட, தினமும் காலையில் அளவாக, வேர்வரை இறங்கும்படி ஊற்றுவதுதான் இதற்கு வைத்தியம்.

பூ உதிர்வதற்கும் வெப்பமே முக்கியக் காரணம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். பூ விரியும் அன்றைய வெப்பம் மட்டும் இல்லை. மகரந்தம் உருவாவது ஒரு வாரத்துக்கும் மேல் முன்பே, மொட்டுக்குள். விதைத்ததிலிருந்து பூப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதால், வெப்பம் தணியும் மாதத்தில் பூக்கும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு விதையுங்கள். வெண்டைக்கும் காராமணிக்கும் இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை, கோடையிலும் காய்க்கும்.

பூசணி, சுரை போன்ற கொடிவகைகளில் முதலில் வரும் பூக்கள் எல்லாம் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அவை ஆண் பூக்கள். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று இருக்கும். பூசணியும் பாகலும் அதிகாலையில் விரியும். பீர்க்கும் சுரையும் சாயங்காலத்தில். பூச்சிகள் வரவில்லை என்றால் அந்தந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள்.

கொழுந்தில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் பூச்சி தோலுரிப்பதைத் தடுக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் சிதையும், சாயங்காலத்தில் தெளியுங்கள். நைட்ரஜன் உரம் அதிகமானால் தளதளவென்று வரும் கொழுந்துக்குத்தான் அசுவினி கூட்டம் கூட்டமாக வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காராமணியோ அவரையோ ஒரு தொட்டியில் போடுங்கள். செடி பூக்கும் சமயத்தில் ஓரமாக ஒன்றை மட்டும் மெதுவாகத் தோண்டி வேரைப் பாருங்கள். கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அதில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதத்தால் வருவது. பாக்டீரியாவின் வேலையைக் கெடுக்காதபடி ஆக்சிஜனை அளந்து கொடுப்பது அதன் பொறுப்பு. மண் மிகவும் சூடானாலும் நீர் தேங்கினாலும் முடிச்சுகள் சரியாக உருவாகாது. காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் மண்மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே மட்க விடுங்கள். வெட்டிய கொடியை நறுக்கி மூடாக்கில் சேர்த்துவிட்டு, ஓரிரு வாரம் கழித்து மூடாக்கை ஒதுக்கி அந்தத் தொட்டியில் கீரை விதையைத் தூவலாம்.