டிஸ்பிளேயில் ஜீரோ, பானையில் தளதள

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து, வீட்டில் பீர் காய்ச்சும் ஒரு தம்பியின் போன். "அண்ணா, கன்ட்ரோலர்ல ஜீரோ வச்சுட்டேன். பானை இன்னும் தளதளன்னு கொதிக்குது." டர்பனில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். அந்த 'அண்ணா' மட்டும் எத்தனை தலைமுறை போனாலும் உதிர்வதில்லை. "சுவத்து சுவிட்சை அணை தம்பி, பிளக்கைப் பிடுங்கு, மிச்சத்தை வந்து பேசிக்கலாம்" என்றேன்.

கராஜ் முழுக்க மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வாசனை, தரையெல்லாம் பிசுபிசு. 30 லிட்டர் எவர்சில்வர் பானை, அடியில் தண்ணீரைச் சூடாக்கும் 3 கிலோவாட் எலிமென்ட், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் டிஜிட்டல் கன்ட்ரோலர். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே, சுருக்கமாக எஸ்எஸ்ஆர்: கன்ட்ரோலர் சொல்கிறபடி எலிமென்டுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்ச். அதன் தலையில் '40 ஆம்பியர்' என்று அச்சு. சூட்டை வெளியே கடத்தும் உலோகத் துண்டு, அதாவது ஹீட்சிங்க், கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் டப்பாச் சுவரில் ஒட்டியிருந்தான். டேப் இளகி, ரிலே கோணிக்கொண்டு தொங்கியது. கன்ட்ரோல் வயரைக் கழற்றிவிட்டு வெளியீட்டுப் பக்கம் மீட்டரை வைத்தேன். பீப் என்றது. உள்ளே ஷார்ட்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தப்பு இதுதான். ரிலே கெட்டால் கரண்ட் நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். எஸ்எஸ்ஆர் சாகும்போது பெரும்பாலும் 'ஆன்' நிலையில்தான் சாகும். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். அந்த ரிலே வழியாகப் போகும்போது ஒரு வோல்ட், ஒன்றேகால் வோல்ட் அதற்குள்ளேயே விழும். ஆக, 15 வாட் சூடு அந்தத் தீப்பெட்டிக்குள். மூடிய பிளாஸ்டிக் டப்பா, டர்பன் புழுக்கம், ஒரு மணி நேரக் கொதி. எத்தனை நாள் தாங்கும்? ஹீட்சிங்க் இல்லாமல் ஐந்து ஆம்பியருக்கு மேல் நான் விடமாட்டேன், மேலே என்ன அச்சடித்திருந்தாலும் சரி. இன்னொன்று: நல்ல எஸ்எஸ்ஆர்கூட 'ஆஃப்'பில் இருக்கும்போது கொஞ்சம் மில்லி ஆம்பியர் கசியவிடும். டிஸ்பிளே அணைந்திருக்கிறது என்று எலிமென்ட் முனையில் கை வைக்காதீர்கள்.

இந்தப் பொழுதுபோக்கு எங்கள் பக்கம் பரவியது 2020க்குப் பிறகு. மார்ச் 27 அன்று லாக்டவுன் வந்தபோது மது விற்பனையும் நின்றது. வீட்டுக்கு வீடு அன்னாசிப்பழ பீர். அதற்கு அடுப்பே வேண்டாம். பழம், சர்க்கரை, ஈஸ்ட், ஒரு வாளி போதும். அதில் ருசி கண்டவர்களில் சிலர் மால்ட், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்புத் தரும் பூ) என்று காய்ச்சுகிற பீருக்கு ஏறினார்கள். அங்கேதான் கரண்ட் உள்ளே வருகிறது.

வெப்பக் கட்டுப்பாடு என்றதும் எல்லோரும் தெர்மாஸ்டாட்டைத்தான் நினைக்கிறார்கள். மால்ட்டை 65, 67 டிகிரியில் ஊறவைக்கும்போது அது சரியான கருவி. கொதி வந்த பிறகு அதற்கு அங்கே வேலையில்லை. கொதிக்கிற தண்ணீருக்கு நீங்கள் 1 கிலோவாட் கொடுத்தாலும் 3 கிலோவாட் கொடுத்தாலும் டிகிரி ஏறாது, ஆவிதான் கூடும். ஒரே கன்ட்ரோலரை 98 டிகிரியில் வைத்து டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் ஓட்டிப் பாருங்கள். கடலோர டர்பனில் கொதிக்கு முன்பே வெட்டி வெட்டி விடும். பானை முணுமுணுக்குமே தவிரக் கொதிக்காது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 98 வரவே வராது. கன்ட்ரோலர் கடைசிவரை முழுச் சக்தியைக் கொட்டும், நுரை பொங்கித் தரைக்கு வரும்.

ஆகவே கொதியில் அளக்க வேண்டியது சக்தியை. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து கொதிக்கு ஏற்ற 3 கிலோவாட் முழுசாக முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். கொதி வந்ததும் கணக்கு மாறும். மணிக்கு 3 லிட்டர் ஆவியாக 1.9 கிலோவாட் போதும், பானைச் சுவர் வழியாகப் போகும் நஷ்டத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு 65, 70 சதவீதம் வைத்தால் அடங்கிக் கொதிக்கும். இரண்டு வினாடிக்கு ஒருதரம் எஸ்எஸ்ஆர் 1.3, 1.4 வினாடி கரண்டை விட்டு, பிறகு நிறுத்தும். பானைக்கு அது தெரியாது. பொங்கிவிடுமோ என்று பயந்து ரொம்பவும் குறைத்துவிடாதீர்கள். மூடியைப் போடவும் கூடாது. வெளியேற வேண்டிய கந்தக வாடை உள்ளேயே தங்கி, பீர் அவித்த மக்காச்சோளம் மாதிரி மணக்கும். மக்காச்சோளம் எனக்குப் பிடிக்கும், கிளாஸில் வேண்டாம்.

தம்பியின் பெட்டியைப் பிரித்து நான் புதிதாகச் சேர்த்தது முக்கியமாக ஒரு கான்டாக்டர், காந்தத்தால் பிடித்து விடும் பெரிய சுவிட்ச். எஸ்எஸ்ஆருக்கு முன்னால் அது. பச்சைப் பட்டனை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், சிவப்புக் காளான் பட்டனைத் தட்டினால் 'டக்'கென்று விட்டுவிடும். எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆகியிருந்தாலும் அதன் பிறகு எலிமென்டுக்குக் கரண்ட் போகாது. கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் தானாகப் பிடிக்காது. இதை நான் 2023 லோட் ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) காலத்தில் கற்றேன். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒருவர் கரண்ட் போன கடுப்பில் பானையை வடித்துவிட்டு, சுவிட்சை அணைக்காமல் கோயிலுக்குப் போய்விட்டார். இரண்டு மணி நேரத்தில் கரண்ட் வந்தது. காலிப் பானைக்குள் எலிமென்ட் பழுத்து வெடித்திருந்தது. பானைக்குக் கீழே மரப்பலகை. அதில் கரி வட்டம். அவ்வளவோடு போனது அவர் அதிர்ஷ்டம்.

எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிப்பது) அடிக்கடி விழுகிறது என்று எர்த் வயரைக் கழற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். சும்மா கிடந்த எலிமென்ட் ஈரம் குடித்திருந்தால் விழத்தான் செய்யும். அது 30 மில்லி ஆம்பியரில் விழுவது உங்கள் உயிருக்காக. அது விழாத இடம் தேடி கெய்சர் (வெந்நீர் ஹீட்டர்) லைனிலிருந்து எடுக்கிறவர்கள் உண்டு. பல வீடுகளில் அந்த லைன் எர்த் லீக்கேஜுக்கு வெளியேதான் ஓடும். ஈரத்தரை, இரும்புப் பானை, கரண்டியோடு கை. டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) கை வைக்க வேண்டுமானால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) வாங்கிக்கொள்ளுங்கள். மல்டிபிளக்கும் வேண்டாம். 13 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் தளர்ந்த பிளக் முள் பழுப்பாகும், பிறகு பிளக் டாப் இளகும். அரைமணிக்கு ஒருதரம் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

தம்பியின் செத்த ரிலே என் பக்கியின் டேஷ்போர்டில் கிடக்கிறது. (இங்கே பிக்கப் வண்டிக்குப் பெயர் பக்கி. ஊரில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அடி விழும்.) நம்பாதவர் கையில் அதையும் மீட்டரையும் கொடுத்துவிடுவேன்.

அவன் பச்சைப் பட்டனை இன்னும் ஒருதரம்கூட அழுத்தவில்லை. பெட்டியை மாட்டிக் கொடுத்த வாரமே புரட்டாசி பிறந்துவிட்டது. பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார் அவன் அம்மா.