ஸ்கோர் நோட்டுக்காரன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தின் பக்கம் போனால், என் கண் இன்னும் அந்த மரத்தடியைத்தான் தேடுகிறது. அங்கே ஒரு சக்கர நாற்காலி நிற்கும். மடியில் நீள நோட்டு, விரலிடுக்கில் பேனா. டென்னிஸ் பந்து ஆட்டங்களுக்கு அவன்தான் ஸ்கோரர். நடுவர் கண்ணயர்ந்தாலும் அவன் அயர மாட்டான். "அது வைடு இல்லை, மட்டையாளர் நகர்ந்துவிட்டார்" என்று குரல் கொடுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. போன ஆண்டு, 24 வயதில், போய்விட்டான். வீட்டார் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

அவனுக்கு இருந்தது டுஷேன் வகைத் தசைச் சிதைவு நோய். தசை நார்களைச் சிதையாமல் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடலில் உருவாகாது. குறை எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். மூன்று, நான்கு வயதில் குழந்தை அடிக்கடி விழும், படியேறத் திணறும், தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையூன்றி எழும். கெண்டைக்கால் மட்டும் பயில்வானுக்குப் போலத் திரண்டிருக்கும். "நல்ல சதைப்பிடிப்பு" என்று பாட்டி மெச்சிக்கொள்வார்.

இவன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. ஓரிடத்தில் கால்சியம் டானிக் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் கூடியிருப்பதைப் பார்த்துக் காமாலைக்கு வைத்தியம் செய்தார்கள். அதே நொதிகள் சிதையும் தசையிலிருந்தும் கசியும். சிபிகே என்ற ஓர் எளிய ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும். இரண்டு ஆண்டுகள் வீணாயின.

பிசியோதெரபிஸ்டான என்னிடம் வந்தபோது அவனுக்கு 11 வயது. நடை நிற்கப்போகிற நேரம். கணுக்கால் இறுகிவிடாமல் தினமும் நீட்டிவிட வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தேன். ஊர் ஊராகச் சாமிகள் கடலாட வரும் மாசி மகத்தன்று அவன் வரவில்லை. மறுநாள் அவன் அம்மாவைக் கடிந்துகொண்டேன்: தேவனாம்பட்டினம் கடற்கரையில் அத்தனை கூட்டத்துக்குள் இவனை எப்படி அழைத்துப் போனீர்கள்? அவர் தலைகுனிந்து நின்றார். அவன்தான் பதில் சொன்னான்: "கால் நாளைக்கும் இருக்கும் சார். சாமியெல்லாம் நேற்றே ஊருக்குத் திரும்பிவிட்டது."

அதன்பிறகு எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் "எங்கே போக ஆசை?" என்று கேட்கிறேன். மணலில் சக்கரம் புதையும் என்றால் தூக்க நாலு பேர் வேண்டும், அவனுக்கு இருந்தார்கள். தேநீர்க் கடையின் மூன்று படிகளுக்கு மேல் போட ஒரு பலகை வேண்டும். கடைக்காரரே அடித்து வைத்தார். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அது அவனுக்குச் சொர்க்கம். அப்பாவின் சரக்கு ஆட்டோவில் நாற்காலியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போவான். (அதற்கும் திட்டினேன்.) துக்கத்துக்கு வந்தவர்கள் "எவ்வளவு தன்னம்பிக்கை!" என்று மாய்ந்துபோனார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. பலகை இல்லாத தெருவில் தன்னம்பிக்கை படியேறுமா?

கால் ஓய்ந்ததும் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பல வீடுகளில் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. இதயத்தையும் மூச்சையும் கண்காணிக்க வேண்டிய காலமே அதுதான். அவனுக்கு 19 வயதானபோது ஒரு நண்பன் போனில் அழைத்தான்: "சார், இவன் ஸ்கோர் எழுதும்போதே தூங்கி விழுகிறான்." அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. விசாரித்தால், காலையில் எழுந்ததும் தலைவலி, இரவில் பலமுறை விழிப்பு. மூச்சுத் தசைகள் தளர்ந்து, தூக்கத்தில் கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் மட்டும் வைப்பது ஆபத்தாகவும் முடியலாம். காற்றை உள்ளே தள்ளிக் கொடுக்கும் பைபேப் கருவிதான் தேவை. இரவில் அதைப் பொருத்தியபின் மறுபடியும் நடுவரோடு சண்டைக்குக் கிளம்பிவிட்டான். ஐந்து ஆண்டுகள் கிடைத்தன. கடைசியில் இதயம் ஒத்துழைக்கவில்லை.

இந்த நோயுள்ள யாருக்காவது பல் பிடுங்குவதாக இருந்தாலும் சரி, மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சில மருந்துகளைத் தவிர்த்தாக வேண்டும். அம்மா, அக்கா, தங்கையும் இந்தக் குறையைச் சுமந்திருக்கலாம் என்பதால், அவர்களுக்கு மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச் சிதைவு நோயும் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

போன மாதம் அந்தப் பையன்கள் என்னை ஸ்கோர் எழுத உட்காரவைத்தார்கள். பத்து ஓவர் முடிந்ததும் ஒருவன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "லெக் பையை எல்லாம் மட்டையாளர் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள் சார். அவன் பார்த்திருந்தால் நோட்டைப் பிடுங்கியிருப்பான்."