சொன்ன காரணமும் உள்நோக்கமும்: ‘ஜூலியஸ் சீசர்’ படிக்கும் மாணவர்களுக்கு

ஆங்கில இலக்கியத் தேர்வுகளில் நாடகத்திலிருந்து நான்கைந்து வரிகளைக் கொடுத்து, இவற்றைச் சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்பது நெடுநாள் வழக்கம். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்துக்கான விடைத்தாள்களைத் திருத்தும்போது, முதல் இரண்டு கேள்விகளுக்குப் பெரும்பாலான மாணவர்கள் சரியாகவே எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். மூன்றாவதில்தான் சறுக்குகிறார்கள். ஒரு பாத்திரம் தன் செயலுக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணத்தையே அதன் நோக்கமாக எழுதிவிடுகிறார்கள்: ரோமின் தலைவன் சீசரைக் கொல்லச் சதி செய்த காசியஸ் சுதந்திரத்தை விரும்பினான், ஆண்டனி கொலையுண்ட நண்பன் சீசருக்காக அழுதான் என்று. கடைகளில் விற்கும் நோட்ஸ்களிலும் இதுதான் இருக்கிறது. சதியைப் பற்றிய நாடகத்தை இப்படிப் படிப்பவர், சதிகாரர்களிடம் ஏமாந்தவர்களோடு தாமும் சேர்ந்துகொள்கிறார்.

ஒருவன் பேசும்போது எதிரில் நிற்பவர் யார், அவர் அகன்ற பிறகு அதே ஆள் என்ன பேசுகிறான் என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே வகுப்பில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது. 1599-இல் மேடையேறிய இந்த நாடகத்துக்கு, பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகளின் ஆங்கில மொழிபெயர்ப்பே முதன்மையான ஆதாரம். அதிலிருந்து எடுத்த நிகழ்ச்சிகளை, ஒவ்வொருவரும் பிறர் முன்னிலையிலும் தனிமையிலும் பேசும் பேச்சுகள் ஒன்றோடொன்று உரசும்படி ஷேக்ஸ்பியர் அடுக்கியிருக்கிறார்.

காசியஸை எடுத்துக்கொள்வோம். முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் அவன், சதியில் சேர்க்க விரும்பும் புரூட்டஸிடம் சமத்துவம் பேசுகிறான், புரூட்டஸின் முன்னோர் பெருமையையும் பேசுகிறான். ஆனால் அவன் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சிகளைப் பாருங்கள்: டைபர் ஆற்றில் நீந்த முடியாமல் தவித்த சீசரைத் தான் காப்பாற்றியது, ஸ்பெயினில் காய்ச்சல் கண்டு சீசர் நடுங்கியது. இவற்றில் ரோமின் குடியரசு எங்கே இருக்கிறது? தன்னைவிட உடல் வலிமை குறைந்த ஒருவன் முன் தான் குனிந்து நிற்க நேர்ந்ததே என்ற புழுக்கம்தான் இருக்கிறது. புரூட்டஸ் போனபின் காசியஸ் தனியே பேசுகையில், புரூட்டஸ் நல்லவன்தான், ஆயினும் வளைக்கக்கூடியவன் என்று சொல்லிவிட்டு, வெவ்வேறு குடிமக்கள் எழுதியவைபோல வெவ்வேறு கையெழுத்துகளில் கடிதங்களைப் புரூட்டஸின் சன்னல் வழியே எறியத் திட்டமிடுகிறான். சுதந்திரத்துக்காகப் பேசியவன் போலிக் கடிதம் தயாரிப்பதை மாணவர்கள் கதை நிகழ்வாக எழுதுகிறார்களே தவிர, நோக்கத்துக்கான சான்றாக எழுதுவதில்லை.

புரூட்டஸ் இதைவிடக் கடினமானவன், ஏனென்றால் தனிமையிலும் அவன் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறான். இரண்டாம் அங்கத்தின் தனிமொழியில் சீசர் சாக வேண்டும் என்ற முடிவு முதல் அடியிலேயே வந்துவிடுகிறது, காரணங்களை அவன் அதற்குப் பிறகுதான் தேடுகிறான். தனிப்பட்ட பகை தனக்கில்லை என்றும், உணர்ச்சி சீசரின் அறிவை மீறியதைத் தான் கண்டதில்லை என்றும் ஒப்புக்கொள்பவன், முடி சூட்டினால் சீசர் மாறிவிடக்கூடும் என்ற ஊகத்தைப் பிடித்துக்கொண்டு, பாம்பின் முட்டையைப் பொரிவதற்குள் அழித்துவிட வேண்டும் என்கிறான். பிறகு வரும் போலிக் கடிதத்தில் வாக்கியம் பாதியில் நிற்க, மீதியை அவனே இட்டு நிரப்பி, ரோமே தன்னை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறான். நான்காம் அங்கத்தில் காசியஸின் லஞ்சத்தைக் கடிந்துகொள்ளும் அவனே, இழிவழியில் பணம் திரட்டத் தன்னால் முடியாது என்று சொல்லி, கேட்ட பொன்னை ஏன் அனுப்பவில்லை என்று அதே காசியஸிடம் சண்டையும் போடுகிறான். ஆயினும் அவனைப் போலி என்று எழுதுவது தவறு; தன் நேர்மையின் மீது அவன் வைத்திருக்கும் நம்பிக்கை உண்மையானது, அதனால்தான் அவனை இயக்குவது காசியஸுக்கு எளிதாகிறது.

ஆண்டனியின் இரங்கல் உரை நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் தனியே வெட்டி எடுத்து ஒப்பிக்கப்படுவதால் நேர்ந்த சேதம் கொஞ்சமல்ல. அதற்கு முன் அவன் கொலையாளிகளின் இரத்தம் தோய்ந்த கைகளை ஒவ்வொன்றாகக் குலுக்குகிறான். அவர்கள் அகன்றதும் அவர்களைக் கசாப்புக்காரர்கள் என்கிறான், உள்நாட்டுப் போர் வரும் என்று உடலருகே நின்று முழங்குகிறான். துயரமும் மெய், பழிவெறியும் மெய். கூட்டத்தின் முன் சீசரின் மேலாடையை விரித்து, இது காசியஸின் கத்தி நுழைந்த இடம், இது காஸ்காவினுடையது, இது புரூட்டஸினுடையது என்று ஓட்டைகளைச் சுட்டிக்காட்டும் இடத்தில் நான் வகுப்பை நிறுத்திவிடுவேன். கொலை நடந்தபோது ஆண்டனி அங்கே இல்லை. சதிகாரர்களில் ஒருவனான ட்ரெபோனியஸ் அவனை முன்பே வெளியே அழைத்துப் போயிருந்தான். எந்த ஓட்டை யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

அதே உரையில் சீசரின் உயில்படி ஒவ்வொரு ரோமானியனுக்கும் 75 டிராக்மா (வெள்ளி நாணயம்) என்று அறிவித்தவன், நான்காம் அங்கத்தின் முதல் காட்சியில், கூட்டாளிகளான ஆக்டேவியஸும் லெபிடஸும் மட்டும் உடனிருக்கையில், அந்த உயிலைக் கொண்டுவரச் சொல்லி, கொடைகளில் எதைக் குறைக்கலாம் என்று பார்க்கிறான். தன் உறவினன் ஒருவனின் பெயரைக் கொலைப் பட்டியலில் சேர்க்கவும் தயங்காமல் சம்மதிக்கிறான். இந்தச் சிறு காட்சியை, தேர்வில் வராது என்று தள்ளிவிடாமல், இரங்கல் உரையை நடத்தும் அதே நாளில் சேர்த்து நடத்தும்படி உடன் பணியாற்றும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியில், போரில் தோற்று உயிர்விட்ட புரூட்டஸின் உடலருகே, எல்லாரிலும் உயர்ந்த ரோமானியன் இவனே, மற்றவர்கள் பொறாமையால் செய்ததை இவன் மட்டுமே பொதுநலம் கருதிச் செய்தான் என்று ஆண்டனி சொல்வதை வினாவாகக் கொடுத்தால், மாணவர்கள் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்திலும் கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். ஆக்டேவியஸும் வென்ற படையும் நிற்கின்றன. புரூட்டஸின் ஆட்களும் நிற்கிறார்கள், அவர்களைத் தன் பணியில் சேர்த்துக்கொள்வதாக ஆக்டேவியஸ் சற்று முன்புதான் அறிவித்திருக்கிறான். இது மனமுவந்த புகழ்ச்சியா, தோற்ற பக்கத்தினரை அணைத்துக்கொள்ளும் அரசியலா என்பதில் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பக்கம் எழுதினாலும், நாடகத்தின் வரியைச் சுட்டி வாதிட்டிருந்தால் நான் முழு மதிப்பெண் தருகிறேன்.