விற்ற காசெல்லாம் உழைத்த காசு அல்ல

திருகோணமலையில் ஒரு வங்கிக் கிளையில் சிறுதொழில் கடன்களைப் பார்ப்பது என் வேலை. இந்த விடுமுறையில் பிள்ளையின் வியாபாரக் கதையோடு மூன்றாவது தாயும் வந்துவிட்டார், முகமெல்லாம் பெருமையோடு.

"மிஸ், மகன் கச்சான் பக்கற் வித்து 4,000 ரூபா உழைச்சிட்டான். முழுக்க முதியோர் இல்லத்துக்குக் குடுத்திட்டம்." கைபேசியில் படமும் காட்டினார்.

"அடுத்த முறைக்குக் கச்சான் வாங்க?"

"அதுக்கென்ன, நான் வாங்கிக் குடுப்பன்."

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 4,000 என்பது விற்ற காசு. கூட வந்த பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். 3 கிலோ கச்சான் 2,700. பைகள் 100. கச்சான் வறுத்த காஸுக்கு 100 என்று வைத்தோம். ஆக 2,900. மிச்சம் 1,100. அவன் உழைத்தது அவ்வளவுதான். அந்த 2,900 அம்மாவின் கைமுதல். அதையும் சேர்த்துக் கொடுத்தால் தானம் செய்தவர் அம்மா, பிள்ளை கொண்டுபோய்க் கொடுத்தவன் மட்டும்தான்.

கடன் கேட்டு வரும் பெரியவர்களிடமும் இதே பிழைதான். இடியப்பம் விற்பவர் வீட்டுத் தேங்காயைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2022இல் மாவும் காஸும் விலை ஏறியபோது பழைய விலைக்கே விற்று, முதலுக்கே மோசம் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? கைமுதலைக் கடனாகக் கொடுங்கள், விற்றதும் திருப்பி வாங்குங்கள். பாவம் பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள். கணக்கைப் பிள்ளையே ஒரு பழைய கொப்பியில் எழுதட்டும். அக்கம்பக்கத்தில் விற்றால் போதும். தட்டைக் கையில் கொடுத்து உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பிள்ளை கணக்குப் பழகத்தான் இது, வீட்டுச் செலவுக்காக அல்ல.

மிச்சக் காசில் எவ்வளவு, யாருக்கு என்பதையும் பிள்ளையே சொல்லட்டும். கோயிலாக இருக்கலாம், பள்ளிவாசலாக இருக்கலாம், வகுப்பில் கொப்பி இல்லாத சிநேகிதனாகவும் இருக்கலாம். 100 ரூபா என்றால் 100 ரூபாதான், நீங்கள் கூட்டிக் கொடுக்காதீர்கள். அப்புறம், தயவுசெய்து தானம் வாங்குகிறவரைப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். அந்த முதியவருக்கும் இதே ஊரில் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

பையன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்டான்: "அடுத்த முறை காஸ் காசையும் அம்மாவுக்குக் குடுக்க வேணுமா மிஸ்?"

"ஓம் மகன், அதையும்தான்."