அடுத்த சுரம் மேலேயா, கீழேயா?

"லில்லிபாண்டில் சி, ஈ, ஜி, சி என்று நாலு எழுத்துதான் தட்டினேன். கடைசி சி தானாக மேல் ஸ்தாயியில் போய் உட்கார்ந்துகொண்டது. எந்த சி வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே?" கீபோர்டு பழகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

லில்லிபாண்ட், 1996இல் நெதர்லாந்துக்காரர் இருவர் தொடங்கிய இலவச இசைக்குறிப்பு மென்பொருள். சுரங்களை ஒவ்வொன்றாக எழுத்தில் தட்டினால் ஐந்து கோட்டுக் குறிப்பாக வரைந்து தரும். கால அளவுக்கு எண்: 4 என்றால் கால், 8 அரைக்கால், 16 வீசம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி ஒப்பித்த பையனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஒருமுறை எண் கொடுத்தால், மாற்றும்வரை அதே அளவு தொடரும். ஒவ்வொரு சுரத்தின் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போனால் அடுத்தது எங்கே விழும் என்று தெரிந்துவிடும். வெறும் கூட்டல்.

ஸ்தாயி (ச முதல் நி வரையிலான ஏழு சுர அடுக்கு) விஷயம்தான் அழகு. நம் சாகித்தியப் புத்தகங்களில் மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. பழைய பிரதிகளில் அது புள்ளியா, பூச்சி அரித்த ஓட்டையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். (சபாவுக்கு ஏ.சி. போட நன்கொடை குவிகிறது. புள்ளி ஒழுங்காக விழும் எழுத்துருவுக்குக் கேட்டுப் பாருங்கள்!) லில்லிபாண்டில் 'ரிலேட்டிவ்' என்ற கட்டளைக்குள் எழுதினால் புள்ளிக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. முந்தைய சுரத்துக்கு எது கிட்டமோ அதை எடுத்துக்கொள்ளும்.

எதை வைத்துக் கிட்டம் என்கிறது? எழுத்தை எண்ணித்தான். சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்பதை ச, ரி, க, ம, ப, த, நி என்று வைத்துக்கொள்வோம். 'ப'விலிருந்து (அதாவது ஜி) மேல் 'ச'வுக்கு (சி) த, நி, ச என்று மூன்று படி. கீழ் 'ச'வுக்கு ம, க, ரி, ச என்று நான்கு. மூன்றுதான் குறைவு, ஆகவே மேலே. வாசகரின் கேள்விக்கு இவ்வளவுதான் பதில்.

ஆனால் இரண்டு பக்கமும் சமதூரமாக இருந்தால்? இருக்கவே முடியாது. மொத்தம் ஏழு எழுத்து. ஒரு பக்கம் மூன்று என்றால் மறுபக்கம் நான்கு, இரண்டு என்றால் ஐந்து. ஏழைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதே! கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகளை எண்ணியிருந்தால் மாட்டியிருப்போம். ஸ்தாயிக்கு 12 கட்டை. எஃப்பிலிருந்து பிக்கு மேலே போனாலும் 6, கீழே போனாலும் 6. எழுத்துக் கணக்கில் அந்த இழுபறி இல்லை: எஃப்புக்குப் பின் பி வந்தால் மேலே, பிக்குப் பின் எஃப் வந்தால் கீழே.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஷார்ப் என்றால் ஒரு கட்டை மேலே, ஃபிளாட் என்றால் ஒரு கட்டை கீழே. எஃப் ஷார்ப்பும் ஜி ஃபிளாட்டும் கீபோர்டில் ஒரே கறுப்புக் கட்டை. சிக்குப் பின் எஃப் ஷார்ப் எழுதினால் அது மேலே ஏறும். ஜி ஃபிளாட் என்று எழுதினால் கீழே இறங்கும். ஷார்ப், ஃபிளாட்டைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பெயர்தான் திசையைச் சொல்கிறது.

உடனே "ஏழு சுரம், ஏழு கடல், ஏழு முனிவர்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் கிளம்புவார்கள். ஏழு ஒற்றைப்படை என்பது மட்டும்தான் இங்கே உதவுகிறது. ஐந்தாக இருந்தாலும் ஒன்பதாக இருந்தாலும் இதே வசதி கிடைத்திருக்கும்.

வசதிக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு சுரமும் முந்தையதன் தோளில் நிற்பதால், ஒன்று சறுக்கினால் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து சறுக்கும். ஒரு தாலாட்டின் நடுவில் இரண்டு வரியை நீக்கினேன். மிச்சப் பாட்டு முழுக்க ஒரு ஸ்தாயி கீழே போய், குழந்தையை அதட்டுவதுபோல் ஒலித்தது. வெட்டிய இடத்துக்கு அடுத்த எழுத்தின் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போட்டேன். மொத்தமும் மேலே வந்துவிட்டது. கீழே இறக்க வேண்டுமானால் அதே இடத்தில் ஒரு காற்புள்ளி.