சர்க்யூட் போர்டில் தடங்கள் ஏன் சாய்ந்து ஓடுகின்றன?

ஒரு சர்வர் போர்டைப் பிரித்துப் பார்த்த வாசகர் கேட்டிருக்கிறார்: "செம்புத் தடங்கள் விளிம்புக்கு இணையாகப் போகாமல் எல்லாமே லேசாகச் சாய்ந்திருக்கின்றனவே, ஏன்?" அருமையான கேள்வி. காரணம் செம்பில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் துணியில் இருக்கிறது.

ஆமாம், துணிதான். பச்சைப் பூச்சுக்குக் கீழே உள்ள எஃப்.ஆர்-4 பலகை, கண்ணாடி இழையில் நெய்த துணியை எபாக்சி பிசினில் தோய்த்து அழுத்திச் செய்வது. பாவும் ஊடும் உண்டு. நடுவே இருக்கும் சின்னச் சந்துகளில் வெறும் பிசின்தான்.

தடத்தைச் சுற்றியுள்ள பொருளின் மின்காப்பு மாறிலி (dielectric constant) கூடினால் சிக்னலின் வேகம் குறையும். கண்ணாடிக்கு அது 6-க்கு மேல், எபாக்சிக்கு 3 சொச்சம். டேட்டாஷீட்டில் சராசரியாக 4 சொச்சம் என்று போட்டிருப்பார்கள். மெதுவான சர்க்யூட்டுக்கு அந்தச் சராசரி போதும்.

அதிவேக சிக்னல்கள் பெரும்பாலும் ஜோடித் தடங்களில் ஓடும். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். எதிர்முனைச் சிப் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுவதால், கழித்ததும் காணாமல் போய்விடும். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும்.

சரி, ஒரு தடம் இழைக்கற்றையின் மேலேயே நெடுக ஓடுகிறது, அதன் ஜோடித் தடம் சந்தின் மேலேயே ஓடுகிறது. முதலாவதற்கு மாறிலி 4.0, அடுத்ததற்கு 3.8 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 25 செ.மீ. தூரத்தில் முதலாவது சுமார் 42 பிக்கோநொடி (ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோநொடி) பிந்தும். நொடிக்கு 28 கிகாபிட் இணைப்பில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பதே 36 பிக்கோநொடிதான்! அதைவிடக் கொடுமை, துணி எந்த இடத்தில் அமர்கிறது என்பது போர்டுக்குப் போர்டு மாறும். ஒரே டிசைனில் ஒன்று ஓடும், இன்னொன்று தகராறு செய்யும்.

அதனால்தான் சாய்வு. பத்து டிகிரி திருப்பினால் இரண்டு தடங்களும் கண்ணாடியையும் பிசினையும் மாறி மாறிக் கடக்கும், தாமதம் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். வரைபடத்தையே மொத்தமாகத் திருப்பி அச்சடித்தால் பலகையின் ஓரங்கள் வீணாகும், செலவும் ஏறும். கற்றைகளைத் தட்டையாக விரித்துச் சந்துகளை மூடிய துணியும், மாறிலி குறைந்த கண்ணாடியும் இப்போது கிடைக்கின்றன, விலைதான் அதிகம்.

சிப் ஆலைகளைப் பற்றி நாம் பேசுவதில் பாதியாவது இந்தக் கண்ணாடியையும் பிசினையும் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் பாலிமர் ஆய்வகங்களுக்கும் நெசவுத் தொழில்நுட்பத் துறைகளுக்கும் இதில் நிறைய வேலை இருக்கிறது, அதற்கு நிதி ஒதுக்க வேண்டும்.